பொதிமாடுகளின் காவலர்: கான் சாஹிபின் மறக்கப்பட்ட போர்க்கலை

வைகையின் வடகரையில் தல்லாகுளத்தை அடைந்ததும் இரண்டு பழைய வழிகள் பிரிகின்றன. ஒன்று அழகர்கோயிலுக்குச் செல்வது. மற்றொன்று நத்தம் கணவாயைக் கடந்து திருச்சிராப்பள்ளியைச் சென்றடைவது. முதல் வழியைச் சித்திரைத் திருவிழா ஆண்டுதோறும் மதுரை மக்களுக்கு நினைவூட்டிவிடுகிறது. இரண்டாம் வழிக்கு அத்தகைய நல்வாய்ப்பு இல்லை. 2023-ஆம் ஆண்டில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பறக்கும் பாலம் அதன்மீது திறக்கப்பட்டபின், கீழே கிடக்கும் மண்ணைப் பார்க்கவும் பயணிக்கு நேரமில்லை. ஆயினும் இந்த நத்தம் வழியில் 1755-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு தாக்குதல், தென்னிந்தியப் போர்வரலாற்றில் நாம் கவனிக்கத் தவறிய ஓர் உண்மையை எடுத்துக்காட்டுகிறது. அரிசியும் வெடிமருந்தும் சுமந்து செல்வோர் போரிட அறியாதவராயின், முன்னணியில் எத்துணை வீரர் இருந்தும் பயனில்லை என்பதே அது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் என்பவர் தலைமையில் கும்பினிப் படை ஒன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கே புறப்பட்டது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலியின் பெயரால் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரிதண்டுவது அதன் நோக்கம். ஐரோப்பியர் ஏறத்தாழ 500 பேர். சிப்பாய்கள் 2000 பேர். சிப்பாய்களை நடத்திச் சென்றவர் முஹம்மது யூசுஃப் கான். மருதநாயகம் என்றும் கான் சாஹிப் என்றும் நம் மக்கள் அறிந்த அதே யூசுஃப் கான்தான்.

மதுரையை அடுத்த கோயில்குடியில் இப்படையினர் கோயிலுக்குள் புகுந்து, கள்ளர் நாட்டார் வழிபட்டுவந்த செப்புத் திருமேனிகளைக் கவர்ந்தனர். அவற்றைத் திருப்பித் தர ஈட்டுத்தொகை கேட்டு, அது கிடைக்காமற்போகவே மூட்டைகளோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டனர். அது கொள்ளையன்றி வேறில்லை. பிறர் வழிபடும் இடத்தில் கைவைத்ததற்கான விலையை அப்படை மே மாத இறுதியில் நத்தம் கணவாயில் செலுத்த நேர்ந்தது.

இருபுறமும் அடர்காடு, நடுவே ஒற்றை வழி. முன்னணிப் படை ஓர் அதிகாரியின் கீழும் பின்னணிக் காவல் காப்டன் ஜோசப் ஸ்மித்தின் கீழும் சென்றன. இடையில் பீரங்கிகள், வெடிமருந்து வண்டிகள், பொதிமாடுகள், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கடைக்காரர், அவர்தம் பெண்டு பிள்ளைகள். வெடிமருந்து வண்டி ஒன்று சேற்றில் சிக்கிக்கொண்டது. முன்னே சென்றோர் நில்லாது நடந்துவிட்டனர். பின்னே வந்தோர் வண்டியைத் தாண்ட இயலாது நின்றுவிட்டனர். காட்டுக்குள் காத்திருந்தோருக்கு அந்த இடைவெளி ஒன்றே போதுமாயிருந்தது. நீண்ட ஈட்டிகளுடன் கள்ளர் பாய்ந்தது துப்பாக்கி ஏந்திய வரிசையின்மீது அன்று, பொதிகளின்மீது. ‘சாமி, சாமி’ என முழங்கியபடியே அவர்கள் மூட்டைகளைக் கிழித்துத் தங்கள் திருமேனிகளை மீட்டனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்துள்ளார். எதிர்த்து நிற்க வகையற்ற படைத்தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் பெருமளவில் மாண்டதையும் அவர் மறைக்கவில்லை. ஹெரான் பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பணியிழந்தார்.

கள்ளர் நாட்டாரின் சினத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சினத்துக்கு இரையானோர் பலர் திருமேனிகளைக் களவாடியவரல்லர்; மாடு ஓட்டியவரும் சோறு சமைத்தவருமே ஆவர். சிலை கவர ஆணையிட்டவர் முன்னணியோடு பாதுகாப்பாகக் கணவாயைக் கடந்துவிட, நடுவில் நின்ற ஏழை உயிரிழந்தான்.

நம் இலக்கண, உரை மரபுகள் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறாக வகுக்கின்றன. முன்செல்வதைத் தூசி என்றும் பின்வருவதைக் கூழை என்றும் பெயரிட்டு அழைக்கின்றன. பொதி சுமப்பவனுக்கு இவற்றுள் எதிலும் இடமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கும்பினிக் கணக்கிலும் அதே நிலைதான். மாடுகள் ஒப்பந்தக்காரரிடம் வாடகைக்கு எடுக்கப்பட்டன. மாட்டுக்காரன் மாட்டோடு வந்த கூலி. தானியத்தைப் பெரும்பாலும் லம்பாடிகள் எனப்பட்ட பஞ்சார வணிகர் தம் சொந்தப் பொறுப்பில் மந்தை மந்தையாகக் கொணர்ந்தனர். போர் வீரனைவிடப் பன்மடங்கு மிகுந்த இம்மக்கள்திரளுக்கு ஆயுதமும் இல்லை. ஆபத்து வரும்போது எங்கே ஒதுங்குவது, எப்படி வட்டமிட்டு நிற்பது என்ற பயிற்சியும் இல்லை. துப்பாக்கி வெடித்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடுவது ஒன்றே அவர்கள் அறிந்த தற்காப்பு. அதற்காக அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

நத்தத்துக்கு ஓராண்டு முன்பே இப்பாடம் இரத்தத்தால் எழுதப்பட்டிருந்தது. அப்போது திருச்சிராப்பள்ளியை மைசூர்ப் படையும் பிரெஞ்சுக்காரரும் முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையும் சூழ்ந்திருந்தன. கோட்டைக்கும் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸின் பாசறைக்கும் வேண்டிய அரிசி தஞ்சை நாட்டிலிருந்தும் தொண்டைமானின் புதுக்கோட்டைக் காடுகளிலிருந்தும் மாடுகளில் வந்தாக வேண்டும். 1754 பிப்ரவரியில் கிள்ளனூர்ப் பக்கமிருந்து புறப்பட்ட பெரும் பொதித்தொடர் ஒன்றுக்கு ஐரோப்பியர் 180 பேரும் சிப்பாய்கள் 800 பேரும் நான்கு பீரங்கிகளும் காவலாயின. கும்பினியின் தலைசிறந்த கிரெனடியர் வீரர்களும் அதில் இருந்தனர். காவல் சிறிதென்று கூறுவதற்கில்லை. ஆயினும் தலைமை தாங்கியவர் அவர்களை வண்டிகளின் இருமருங்கும் சிறுசிறு குழுக்களாக நெடுகப் பரப்பிவிட்டார். எதிரி தோன்றிய பின்னரும் ஒன்றுதிரட்டவில்லை. பல்லாயிரம் குதிரைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தபோது எந்தக் குழுவும் மற்றொன்றுக்கு உதவ முடியவில்லை. பொதிகள் அனைத்தும் பறிபோயின. காவலர் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர்.

இப்பேரிழப்புக்குப் பின்னரே யூசுஃப் கானின் உண்மையான திறமை வெளிப்பட்டது. இராமநாதபுரம் பனையூரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என மரபு கூறும் இவ்வீரருக்கு நாட்டின் மேடு பள்ளம் அனைத்தும் பாடம். ஓர்ம் தரும் செய்தியின் சாரம் இது: யூசுஃப் கான் எதிரியின் நடமாட்டத்தை ஓயாது உளவறிந்தார், பொதிகள் வரும் பாதையை ஒவ்வொரு முறையும் மாற்றினார், காட்டிலிருந்து அவை வெளிப்படும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தார், அதன் பயனாக மூன்று மாத காலம் ஒரு பொதித்தொடர்கூட எதிரியின் கையில் சிக்கவில்லை. பகைவரின் வரலாற்றாசிரியன் அல்லன் ஓர்ம். எனினும் இந்தியப் படைத்தலைவர்களைப் புகழ்வதில் தாராளம் காட்டியவனும் அல்லன். எனவே இச்சான்று எடையுள்ளது.

அவ்வாண்டு மே 12-ஆம் நாள் நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வரவிருந்த பொதித்தொடரை எதிர்கொண்டு அழைத்துவரக் காப்டன் காலியோவின் தலைமையில் ஒரு பிரிவு வைகறைக்கு முன் புறப்பட்டது. அவர்கள் தங்குவதற்கு உத்தேசித்த ஏரிக்கரையை முன்சென்று பார்த்துவர யூசுஃப் கான் குதிரையில் போனார். இருளில் அவரது குதிரை கனைத்தது. எதிர்ப்புறமிருந்து வேறு குதிரைகள் பதிலுக்குக் கனைத்தன. ஏரிக்கரையில் எதிரி பதுங்கியிருப்பது அக்கணமே புலனாயிற்று. காவற்பிரிவு சுதாரித்துக்கொண்டு முதலில் தாக்கியது. அன்றைய போர் பெரிதாகி ஆங்கிலேயருக்குச் சாதகமாக முடிந்தது. குதிரை கனைத்தது தற்செயல் என்போர் இருக்கலாம். படை வந்து இறங்குவதற்கு முன்னரே ஒருவர் சென்று பார்த்துவர வேண்டும் என்ற ஒழுங்கு தற்செயலன்று. கிள்ளனூரில் இல்லாமற்போனது அந்த ஒழுங்குதான்.

பொதிகளைக் காக்கும் கடமை நம் மார்க்க மரபுக்குப் புதியதன்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அச்சநிலைத் தொழுகை பற்றிய திருக்குர்ஆன் வசனம் (4:102) படையை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவு தொழும்போது மற்றொன்று காவல் நிற்கும் முறையை வகுக்கிறது. தொழுவோரும் ஆயுதத்தைக் கைவிடலாகாது என்று பணிக்கிறது. அதற்கு அவ்வசனமே கூறும் காரணத்தில் ஒரு சொல் சிந்தனைக்குரியது. ஆயுதங்களை மட்டுமன்று, பொருள் மூட்டைகளையும் நீங்கள் கவனியாது விடவேண்டும் என்றே பகைவர் ஏங்குகின்றனர் என்ற பொருள்பட அது எச்சரிக்கிறது. ஆயுதமும் மூட்டையும் ஒரே மூச்சில் கூறப்பட்டுள்ளன. தொழுகை முறையை விளக்கும் சட்ட நூல்கள் இவ்வசனத்தை விரிவாக ஆராய்ந்துள்ளன. அதன் போர்க்கலைப் பொருளும் அதே அளவு ஆராயத்தக்கது.

யூசுஃப் கான் பொதிகளைக் காக்கக் கற்றவர். அதனாலேயே பொதிகளை அழிக்கவும் அறிந்திருந்தார். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, யூசுஃப் கான் சிப்பாய்களோடும் குதிரைகளோடும் முற்றுகைக்கு வெளியே திரிந்து பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவையும் தளவாடங்களையும் ஓயாமல் இடைமறித்தார். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலி சலித்துக்கொண்டாராம். பரங்கிமலையில் பிப்ரவரி 9-ஆம் நாள் நடந்த போரில் யூசுஃப் கானின் அணி கடும் இழப்பைச் சந்தித்தது உண்மையே. எனினும் முற்றுகையிட்டவன் தன் முதுகைக் காக்கவே படையின் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டியதாயிற்று.

பின்னர் மதுரையின் ஆளுநராக அவர் விளங்கியதும், புலித்தேவர் முதலிய பாளையக்காரர்மீது அவர் நடத்திய போர்களும் பலரால் எழுதப்பட்டுள்ளன. அவை அனைத்தும் புகழத்தக்கவை அல்ல. அவற்றை இங்கே விரிக்கவும் தேவையில்லை. நம் பொருளுக்கு வேண்டியது அவரது இறுதி. நவாபோடும் கும்பினியோடும் முரண்பட்டு 1763-இல் அவர் தனிக்கொடி ஏற்றியபோது, மதுரைக் கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று. பருவமழை தொடங்கியதும் அவ்வாண்டு நவம்பரில் ஆங்கிலேயர் பின்வாங்கினர். மறு ஆண்டு மீண்டும் வந்தனர். 1764 ஜூன் 26-இல் மதிற்சுவர்மீது அவர்கள் நடத்திய பெருந்தாக்குதல் தோற்றது. மேஜர் பிரஸ்டன் படுகாயமுற்று இறந்தார். அதன்பின் மேஜர் காம்ப்பெல் சுவரைத் தொடவில்லை, வழிகளை அடைத்தார். ஒரு மூட்டை நெல்லும் உள்ளே செல்லாதபடி கோட்டையைச் சூழ்ந்து காவல் அமைந்தது. பீரங்கியால் சாயாத கோட்டை பசியால் தளர்ந்தது. பசி சதிக்கு வழிவிட்டது. பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்த் முதலானோர் தொழுகை வேளையில் கான் சாஹிபைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தனர் என்பது வழங்கிவரும் வரலாறு. 1764 அக்டோபர் 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் உள்ள அடக்கத்தலம் அந்நாளின் எஞ்சிய சாட்சி.

கும்பினி இப்பாடத்தை விரைவில் மறந்தது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அழித்தபோது, போரின் திருப்புமுனை வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்த தருணமே. சில கல் தொலைவில் ஹெக்டர் மன்ரோவின் பெரும்படை காஞ்சியில் இருந்தது. தன் உணவு மூட்டைகளைக் காவலின்றி விட்டுச் செல்ல அஞ்சியே அது உரிய நேரத்தில் நகராமல் நின்றது. வெல்லும் வலிமையுள்ள படையைக் கட்டிப்போட்டது காவலற்ற அரிசி மூட்டை.

மறுபுறத்தில் மைசூர் செய்த ஏற்பாடு ஒப்புநோக்கத்தக்கது. உடையார் காலத்தில் அரண்மனைக்கு வெண்ணெய் தர ஏற்பட்ட ‘பெண்ணெச் சாவடி’ என்ற மாட்டுத்துறையை ஹைதர் தன் பீரங்கிகளையும் பொதிகளையும் இழுக்கப் பயன்படுத்தினார். திப்பு அதனைச் சீர்செய்து ‘அமிர்த மஹால்’ எனப் பெயரிட்டார். மாடுகள் அரசுடையவை; பேணுவோரும் அரசின் நிரந்தரப் பணியாளர். வாடகை மாட்டுக்காரன் ஓடிப்போவான். அரசுப் பணியாளன் ஊதியத்தோடும் கட்டுப்பாட்டோடும் நிற்பான். மைசூர்ப் படையின் வேகத்துக்கு இம்மாடுகளே காரணம் என்பதை 1799-க்குப் பின் அவற்றைக் கைப்பற்றிக்கொண்ட ஆங்கிலேயரே ஒப்பினர். குதிரைவீரனையும் ராக்கெட்டையும் பாடும் நாம் இம்மாடுகளைப் பற்றி ஒரு பத்தியும் எழுதுவதில்லை என்பது வியப்பே.

புள்ளலூர் தோல்விக்குச் சில நாட்களுக்குள், அதே 1780 செப்டம்பரில், சென்னையில் பயோனியர் கம்பெனிகள் திரட்டப்பட்டன. வழி திருத்துதல், பாலம் அமைத்தல், அகழி தோண்டுதல் ஆகியவற்றை அதுவரை அன்றாடக் கூலிகளைக் கொண்டு நடத்திய கும்பினி, அதற்கெனப் படையொழுங்குக்குட்பட்ட நிரந்தர அணியை உருவாக்கியது. இன்றைய மதராஸ் பொறியியல் படைத்தொகுதி தன் பிறப்பை அந்நாளிலிருந்தே கணக்கிடுகிறது. மற்றொரு திசையிலும் மாற்றம் வந்தது. யூசுஃப் கானின் காலத்தில், 1758-இல் அமைந்த மதராஸ் சிப்பாய்களின் முதல் பட்டாளம் 1883-இல் பயோனியர் பட்டாளமாக மாற்றப்பட்டது. துப்பாக்கி ஒரு தோளிலும் மண்வெட்டி மறுதோளிலுமாக அவ்வீரர் பழகினர். கூலிக்குப் போர்ப்பயிற்சி தருவது ஒரு வழி. வீரனுக்குக் கூலியின் தொழிலைக் கற்பிப்பது மற்றொரு வழி. இரண்டும் சென்னை மாகாணத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டன.

ஆயினும் எழுத்தரும் சமையற்காரரும் மருத்துவ உதவியாளரும் கோவேறு கழுதை ஓட்டுவோரும் நெடுங்காலம் இக்கணக்குக்கு வெளியேதான் நின்றனர். 1942-இல் பர்மாவில் ஏற்பட்ட படுதோல்விதான் இந்நிலையை மாற்றியது. காட்டுவழியே சுற்றிவந்த ஜப்பானியர் முன்னணியை விட்டுப் பின்னணிக் கிடங்குகளையே தாக்கினர். பின்வாங்கும் படையின் தளபதியாயிருந்த ஸ்லிம் அடுத்த ஆண்டுகளில் படைக்கு வகுத்த பயிற்சி நெறிகளுள் ஒன்று, காட்டுப்போரில் போரிடாதவர் என்று எவரும் இல்லை என்பது. மருத்துவப் பிரிவு உட்பட ஒவ்வோர் அணியும் தன்னைத் தானே சுற்றிலும் காத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் விதித்தார். மாடு ஓட்டுபவனும் அகழி தோண்டி, இரவுக் காவல் நின்று, துப்பாக்கி சுடப் பழகினான்.

1944 பிப்ரவரியில் இந்நெறி சோதனைக்குள்ளாயிற்று. அரக்கானில் சின்ஸ்வெயா என்ற இடத்தில் ஏழாவது இந்திய டிவிஷனின் நிர்வாகக் கிடங்கு இருந்தது. அரிசி, எரிபொருள், வெடிமருந்து, மருத்துவ நிலையம் ஆகியவை குவிந்திருந்த, குன்றுகளால் சூழப்பட்ட சிறு வெளி அது. ஜப்பானியர் அதனைச் சூழ்ந்துகொண்டனர். பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு மருத்துவ நிலையத்துக்குள் புகுந்து காயமுற்றோரையும் மருத்துவர்களையும் கொன்றனர். கிடங்கைக் காத்து நின்றோரில் காலாட்படையினரும் டாங்கிப் படையினரும் இருந்தனர். அவர்களோடு ஓட்டுநரும் எழுத்தரும் கழுதைக்காரரும் பண்டகக் காப்பாளரும் அகழிகளில் இறங்கிச் சுட்டனர். உணவும் வெடிமருந்தும் வானிலிருந்து போடப்பட்டன. ஏறத்தாழ மூன்று வாரம் நின்று, கிடங்கு வீழாமலே முற்றுகை முறிந்தது. பர்மாப் போரில் ஜப்பானியரின் பெருந்தாக்குதல் ஒன்று முறியடிக்கப்பட்ட முதல் தருணம் என இதனைப் போர்வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர்.

நத்தம் கணவாயையும் சின்ஸ்வெயாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரண்டிலும் தாக்கப்பட்டது பொதிதான். முன்னதில் பொதிக்காரன் தனித்து விடப்பட்டான். பின்னதில் அவனுக்குக் காவலிடமும் ஆயுதமும் பயிற்சியும் இருந்தன. இந்த வேறுபாடு தோன்ற 189 ஆண்டுகள் ஆயின.

வளம்மிக்க வல்லரசுகளும் இதை மறப்பதுண்டு. 2003 மார்ச் 23-இல், ஈராக்மீது தொடுத்த அநியாயமான படையெடுப்பின்போது, அமெரிக்கப் பராமரிப்புக் கம்பெனி ஒன்று வழிதவறி நாசிரிய்யா நகருக்குள் நுழைந்தது. பழுதுபார்ப்போரும் சமையற்காரரும் எழுத்தருமான அவர்களில் 11 பேர் கொல்லப்பட்டனர், சிலர் சிறைப்பட்டனர். பாலைப் புழுதி படிந்த துப்பாக்கிகள் பல வெடிக்கவே இல்லை. ஆயுதங்களைத் துடைத்துப் பேணும் அன்றாடப் பழக்கம் போதாமல் இருந்திருக்கலாம் என அப்படையின் அறிக்கையே குறிப்பிட்டது. அதன் பின்னரே பின்னணிப் பணியாளர் அனைவருக்கும் போர்ப்பயிற்சி என்பது அங்கே வலியுறுத்தப்பட்டது. மிகுந்த பொருட்செலவில் அவர்கள் கற்றது, கிள்ளனூர்க் காட்டுப் பாதைகளில் யூசுஃப் கான் செலவின்றிக் கற்ற பாடத்தின் ஒரு பகுதியே.

நம் நாட்டுப் படையில் இன்று ஓட்டுநராகவோ பண்டகக் காப்பாளராகவோ சேரும் இளைஞரும் முதலில் அடிப்படைப் படைப்பயிற்சி பெற்று, ஆயுதம் கையாளப் பழகிய பின்னரே தம் தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றனர். இராணுவச் சேவைப் படையின் தென்மண்டலப் பயிற்சி மையம் பெங்களூரில் இயங்கிவந்தது. தமிழ் இளைஞர் பலர் அங்கே பயின்றுள்ளனர்.

கான் சாஹிபைப் பற்றிய நம் பொதுநினைவோ வேறு தடத்தில் செல்கிறது. 1997-இல் தொடங்கப்பட்டு நின்றுபோன திரைப்படத்தின் குதிரைவீரனாகச் சிலர் அவரை அறிவர். தூக்குமரத்தில் நின்ற தியாகியாகச் சிலர் போற்றுவர். பாளையக்காரரின் பகைவனாகச் சிலர் தூற்றுவர். எஸ். சி. ஹில் 1914-இல் வெளியிட்ட நூலும் அவரைக் கிளர்ச்சிக்காரத் தளபதி என்றே தலைப்பில் சுட்டியது. 1754-இன் அந்த மூன்று மாதங்களில், திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் அடுப்பெரிந்த ஒவ்வொரு நாளும் அவர் தேர்ந்த பாதை வழியே வந்த அரிசியால் எரிந்தது. அப்பாதைகளில் மாடு ஓட்டிய எவருடைய பெயரையும் ஓர்ம் எழுதவில்லை.